ரா ஃபைலுக்கு எந்த இலவச மென்பொருள்? உங்கள் படத்தை வைத்தே முடிவு செய்யுங்கள்

கேமராவை ரா-வுக்கு (கேமரா திருத்தி முடிக்காமல் அப்படியே தரும் படக்கோப்பு) மாற்றியவர்கள் எல்லாரும் சில நாளில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மாதாமாதம் சந்தா கட்ட முடியாது, இலவசமாக எது நல்லது? யாராவது ஒரு பெயரைச் சொல்வார்கள். இறக்கி நிறுவி ஒரு படத்தைத் திறந்தால், கேமரா திரையில் பளிச்சென்று இருந்த அதே படம் இங்கே சாம்பல் பூசினாற்போல் மங்கலாக, ஓரமெல்லாம் வளைந்து, இருட்டுப் பகுதியில் புள்ளி புள்ளியாகத் தெரியும். "இது சரிப்பட்டு வராது" என்று மூடிவிட்டு அடுத்ததை இறக்குவார்கள். நல்ல மென்பொருள்களை மக்கள் கைவிடுவது பெரும்பாலும் இந்த முதல் அரை நிமிடத்தில்தான், அதனால் முதலில் இதைப் பேசிவிடலாம்.

கேமராவின் பின்திரையில் நீங்கள் பார்ப்பது ரா அல்ல. ரா ஃபைலுக்குள்ளேயே கேமரா ஒரு ஜேபெக்கையும் பொதிந்து வைக்கிறது, திரையில் வருவது அது. நிறத்தைக் கூட்டி, கான்ட்ராஸ்ட் ஏற்றி, நாய்ஸை (இருட்டில் தெரியும் அந்தப் புள்ளிகளை) துடைத்து, லென்ஸின் வளைவை நிமிர்த்தி, கூர்மை சேர்த்து, எல்லா வேலையும் முடித்த படம். ரா என்பது சென்சார் அளந்த ஒளியின் அளவு மட்டும். பெரும்பாலான சென்சார்களில் ஒவ்வொரு புள்ளிக்கு மேலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதாவது ஒரு வடிகட்டிதான் இருக்கும், பாதிப் புள்ளிகள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம் (கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு, இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது). மீதி இரண்டு நிறங்களை அக்கம்பக்கப் புள்ளிகளிலிருந்து கணக்கிட்டு நிரப்ப வேண்டியது மென்பொருளின் வேலை. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலை, 14 பிட் ராவில் 16,384. அந்தப் பெரிய வீச்சை உங்கள் திரைக்குள் எப்படி அடக்குவது என்பதற்கு ஒரே ஒரு சரியான விடை கிடையாது. கேமரா ஒரு விடை சொன்னது, மென்பொருள் வேறொன்று சொல்கிறது. சில மென்பொருள்கள், விடையை நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிடும்.

ஆக, திறந்தவுடன் எப்படித் தெரிகிறது என்பதை வைத்து எதையும் எடைபோடாதீர்கள். பத்து நிமிடம் வேலை செய்தபின் எப்படித் தெரிகிறது, அந்தப் பத்து நிமிடத்தை அடுத்த படத்தில் இரண்டு நிமிடமாகக் குறைக்க முடிகிறதா, இதைப் பாருங்கள்.

முதலில் நான்கு படம் எடுத்து வையுங்கள்

மென்பொருளை இறக்குவதற்கு முன்னாலேயே உங்கள் சொந்த ரா ஃபைல்களில் நான்கைத் தனியாக ஒரு ஃபோல்டரில் போடுங்கள். அழகான படங்கள் வேண்டாம், தொல்லை கொடுக்கும் படங்கள் வேண்டும். அழகான படம் எந்த மென்பொருளிலும் அழகாகத்தான் வரும்.

ஒன்று, உச்சிவெயிலில் வெள்ளை வேட்டி சட்டை அல்லது வெள்ளை மேகம், அதாவது வெளிச்சம் எல்லை தாண்டிய படம். இரண்டு, கல்யாண மேடையிலோ கச்சேரியிலோ நீல, ஊதா எல்.இ.டி. விளக்குக்குக் கீழே எடுத்த முகம். மூன்று, இரவில் ஐ.எஸ்.ஓ. 6400-க்குப் பக்கத்தில் எடுத்தது. நான்கு, வீட்டுக்குள் சாதாரண விளக்கில் ஒரு முகம், முடிந்தால் பட்டுப்புடவையோடு, ஏனென்றால் சரிகையின் நுண்ணிய இழைகளும் அடர்சிவப்புப் பட்டும் மென்பொருளின் குணத்தை உடனே காட்டிக்கொடுக்கும்.

இந்த நான்கையும் வைத்து எதைப் பார்ப்பது? முதல் படத்தில், வெளுத்துப்போன இடத்தின் ஓரத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே இளஞ்சிவப்பு படிந்திருக்கிறதா? வெளிச்சம் அதிகமானால் சென்சாரில் பெரும்பாலும் பச்சைதான் முதலில் நிரம்பி நின்றுவிடும், ஒயிட் பேலன்ஸுக்காக (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறங்களைச் சமன்செய்வது) சிவப்பையும் நீலத்தையும் பெருக்கும்போது பச்சை மட்டும் பின்தங்கிவிடுவதால் அந்த இடம் ரோஸ் நிறமாகிறது. நல்ல மென்பொருளில் இதைச் சரிசெய்ய ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கும், அவற்றில் ஒன்றாவது உங்கள் படத்துக்குப் பொருந்த வேண்டும்.

இரண்டாவது படத்தில் நீல விளக்குப் பட்ட கன்னம் ஒரே தட்டையான நீலத் திட்டாக, மூக்கு எது கன்னம் எது என்று தெரியாமல் கிடக்கிறதா, இல்லை உருவம் மிஞ்சுகிறதா? மூன்றாவதில், நாய்ஸைக் குறைத்தால் முகம் மெழுகு பொம்மைபோல் ஆகாமல் தலைமுடி தனித்தனியாக நிற்கிறதா?

நான்காவதுதான் எனக்கு முக்கியம். நம் ஆட்களின் தோல் நிறத்தை வெளுப்பாகக் காட்டுவது படம் எடுப்பவர்களிடம் ஊறிப்போன பழக்கம், தானாக வெளிச்சம் சரிசெய்யும் பொத்தான்களும் கறுத்த முகத்தைப் பார்த்தால் சாம்பல்பழுப்பு வரும்வரை தூக்கிவிடும். ஆளை நேரில் பார்த்தால் எந்த நிறமோ, அந்த நிறத்தின் செழுமையோடு முகம் வரவேண்டும். எந்த மென்பொருளில் உங்களால் அதைச் சுலபமாகச் செய்ய முடிகிறதோ அதற்கு என் கணக்கில் கூடுதல் மதிப்பெண்.

கேமராவும் கணினியும் ஒத்துவருமா

இதைப் பார்க்காமல் இறங்கினால் நேரம் வீண். உங்கள் கேமரா புதிய மாடலாக இருந்தால் மென்பொருளின் தளத்தில் ஆதரவுப் பட்டியலைப் பாருங்கள். கேனானின் சிஆர்2, நிக்கானின் நெஃப், சோனியின் ஏஆர்டபிள்யூ, ஃபூஜியின் ராஃப் எல்லாம் பெயர் ஒன்றாக இருந்தாலும் மாடலுக்கு மாடல் உள்ளே மாறும். கேனான் 2018-இல் ஈஓஎஸ் எம்50-இல் கொண்டுவந்த சிஆர்3 வடிவத்தைக் கட்டற்ற மென்பொருள்கள் (யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தக்கூடியவை) திறக்கச் சில ஆண்டுகள் ஆயின. இப்போது அது பிரச்சினை இல்லை, ஆனால் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு "திறக்கவில்லையே" என்று அலைபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லினக்ஸில் இது அதிகம், உபுண்டு, டெபியனோடு வரும் பதிப்பு பெரும்பாலும் பழசாக இருக்கும். ஃபிளாட்பேக் மூலமோ ஆப்இமேஜாகவோ புதியதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நிக்கான் இசட்8, இசட்9 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கேமரா மெனுவில் ரா பதிவுக்கு "ஹை எஃபிஷியன்சி" என்று ஒரு வகை இருக்கும், ஃபைல் சிறியதாக வரும், ஆனால் கட்டற்ற மென்பொருள்களில் அது திறக்காமல் போகலாம். "லாஸ்லெஸ் கம்ப்ரஷன்" என்பதற்கு மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே எடுத்துத் தள்ளியிருந்தால் அடோபியின் டிஎன்ஜி கன்வர்ட்டர் இலவசம்தான், அதில் டிஎன்ஜி (அடோபியின் பொதுவான ரா வடிவம்) ஆக மாற்றிக்கொண்டு திறக்கலாம். ஃபைல் பெரிதாகும், பரவாயில்லை.

புதுக் கேமராவுக்கு இன்னொரு விஷயம்: படம் திறந்துவிடும், ஆனால் அந்த மாடலுக்கான நாய்ஸ் அளவீடு, லென்ஸ் திருத்தம் போன்றவை கொஞ்சம் தாமதமாகத்தான் சேரும். பிக்ஸல்ஸ் டாட் யு.எஸ். என்ற சமூகம் கேமரா வாரியாக மாதிரி ரா ஃபைல்களைச் சேகரிக்கிறது. உங்கள் மாடல் அங்கே இல்லையென்றால் ஒரு ஃபைலை ஏற்றிவிடுங்கள், ஆதரவு எழுதுபவர்களுக்கு அதுதான் கச்சாப் பொருள். இன்னும் கேமரா வாங்காதவர்கள் அங்கிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தும் பார்க்கலாம்.

கணினியில் 8 ஜிபி ரேம் இருந்தால் எல்லாமே ஓடும். 4 ஜிபி என்றால் சிரமம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறதா என்பது அதைவிடப் பெரிய கேள்வி, அது ஏன் என்று கீழே வருகிறது.

டார்க்டேபிள்

2009-இல் யோகன்னஸ் ஹனிக்கா தொடங்கியது, இன்று உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதுகிறார்கள். லினக்ஸ், மேக், 2017 கடைசியிலிருந்து விண்டோஸ், எல்லாவற்றுக்கும் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு பெரிய பதிப்பு, கோடையில் ஒன்று, கிறிஸ்துமஸையொட்டி ஒன்று. இலவச மென்பொருள்களில் இதுதான் ஆழமானது, கற்க அதிக நேரம் எடுப்பதும் இதுதான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதில் இரண்டு அறை. லைட்டேபிளில் படங்களைப் பார்த்து நட்சத்திரம் போட்டுக் கழிக்க வேண்டியதைக் கழிப்பது, டார்க்ரூமில் ஒரு படத்தை எடுத்து வேலை செய்வது. விசைப்பலகையில் 1 முதல் 5 வரை அழுத்தினால் நட்சத்திரம், ஆர் அழுத்தினால் நிராகரிப்பு. டார்க்ரூமில் வலப்பக்கம் மாட்யூல்கள், அதாவது திருத்தும் கருவிகள், வரிசையாக நிற்கும், அறுபதுக்கு மேல். அதைப் பார்த்துத்தான் பாதிப்பேர் ஓடுகிறார்கள். ஓடாதீர்கள், தினசரி வேலைக்கு ஏழெட்டு போதும்.

அமைப்புகளில் ப்ராசஸிங் பகுதிக்குப் போய், தொடக்க வழிமுறையாக "சீன்-ரெஃபர்டு" சிக்மாய்டைத் தேர்ந்தெடுங்கள், ராவின் பெரிய வீச்சைத் திரைக்குள் அடக்குவது இதன் வேலை. ஃபில்மிக் என்று இன்னொன்றும் இருக்கிறது, அதில் கட்டுப்பாடு அதிகம், குழப்பமும் அதிகம். புதிதாக வருபவருக்கு சிக்மாய்ட் போதும் என்பது என் கருத்து. இப்போது உங்கள் நான்காவது படத்தைத் திறந்து, முதலில் எக்ஸ்போஷர் மாட்யூலில் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். பின்னால் ஜன்னல் வெளுத்துப்போகிறதே என்று பதறவேண்டாம், அதை சிக்மாய்ட் கவனித்துக்கொள்ளும். முகம் சரியானதும் சிக்மாய்டில் கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். அவ்வளவுதான், பாதி வேலை முடிந்தது.

விளக்கின் மஞ்சளைக் குறைக்க ஒயிட் பேலன்ஸ் மாட்யூலுக்குப் போகாதீர்கள். மற்ற மென்பொருள்களிலிருந்து வருபவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் இது. இங்கே நிறத் திருத்தம் கலர் காலிபரேஷன் மாட்யூலில் நடக்கிறது, அங்குள்ள பிக்கரால் படத்தில் சாம்பலோ வெள்ளையோ இருக்கும் இடத்தைத் தொட்டால் போதும். இரண்டு இடத்திலும் மாற்றினால் நிறம் இரண்டு முறை திருத்தப்பட்டுக் கோணிக்கொள்ளும், மென்பொருளே எச்சரிக்கையும் காட்டும்.

அப்புறம் டோன் ஈக்வலைசர். இதற்காகவே டார்க்டேபிளை வைத்திருப்பவர்கள் உண்டு. மாட்யூலைத் திறந்துவிட்டுப் படத்தின்மேல் சுட்டியைக் கொண்டுபோய், இருட்டாக இருக்கும் தூணின்மேல் வைத்து மவுஸ் சக்கரத்தை உருட்டினால் அந்த அளவு வெளிச்சமுள்ள பகுதிகள் மட்டும் மேலே வரும், வானத்தின்மேல் வைத்து எதிர்ப்பக்கம் உருட்டினால் வானம் மட்டும் இறங்கும். ஸ்லைடரைத் தேடவே வேண்டாம். நல்ல மாஸ்க் (திருத்தம் எந்தப் பகுதியில் விழவேண்டும் என்ற எல்லை) அமைந்துவிட்டால் ஓரங்களில் ஒளிவட்டம் தெரியாமல் வேலை முடிந்துவிடும்.

நாய்ஸுக்கு டீநாய்ஸ் ப்ரொஃபைல்டு. உங்கள் கேமரா மாடல், அந்த ஐ.எஸ்.ஓ.வில் எவ்வளவு நாய்ஸ் தரும் என்று முன்பே அளந்து வைத்த தரவை வைத்துக் கணக்கிடுவதால், மாட்யூலை ஆன் செய்தாலே பெரும்பாலும் சரியாக இருக்கும். நீல எல்.இ.டி. படத்துக்கு சிக்மாய்டுக்குள்ளேயே ப்ரைமரீஸ் என்றொரு பகுதி உண்டு, அதில் "ஸ்மூத்" முன்னமைப்பைப் போட்டுப் பாருங்கள், தட்டையாகக் கிடந்த கன்னத்தில் மேடுபள்ளம் திரும்ப வரும். மேடை நிகழ்ச்சி எடுப்பவர்கள் இந்த ஒன்றுக்காகவே டார்க்டேபிளை முயன்று பார்க்கலாம்.

பெரும்பாலான மாட்யூல்களைப் படத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் போடமுடியும், தூரிகையால் வரைந்தோ, "இந்த நிறமுள்ள இடம் மட்டும்" என்று சொல்லியோ, இரண்டையும் கலந்தோ. மாஸ்க் விஷயத்தில் காசு கொடுத்து வாங்கும் பலவற்றைவிட இது மேல் என்று தைரியமாகச் சொல்வேன்.

குறை என்ன? கனம். டார்க்டேபிள் கிராஃபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தும், அது இருந்தால் பறக்கும், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஸ்லைடருக்கும் ஒரு நொடி காத்திருக்க வேண்டிவரும். "டிஃப்யூஸ் ஆர் ஷார்ப்பன்" போன்ற மாட்யூல்கள் கார்டு இல்லாத மடிக்கணினியைத் திணறடித்துவிடும். கார்டு இருந்தும் மெதுவாக இருந்தால் அமைப்புகளில் ஓபன்சிஎல் (கார்டை வேலைக்கு எடுத்துக்கொள்ளும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் டிரைவர் சரியாக அமையாததுதான் காரணமாக இருக்கும்.

ராதெரபியும் ஆர்ட்டும்

ராதெரபியை ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் ஹோர்வாத் எழுதத் தொடங்கினார், 2010-இல் கட்டற்ற மென்பொருளாகத் திறந்துவிட்டார். இதன் பலம் நுணுக்கம். முன்னே சொன்ன, விடுபட்ட நிறங்களைக் கணக்கிட்டு நிரப்பும் வேலைக்கு இதில் பத்துக்கும் மேற்பட்ட முறைகள் இருக்கின்றன, அமேஸ் என்ற முறை நுண்ணிய இழைகளில் அபாரமாக வேலை செய்யும். அதையே விஎன்ஜி4-உடன் சேர்த்தால் இழையுள்ள இடத்தில் ஒன்றும் வெறுமையான வானத்தில் மற்றொன்றும் வேலை செய்யும். கேப்சர் ஷார்ப்பனிங் என்றொரு வசதி, லென்ஸும் சென்சாரும் சேர்ந்து படத்தில் ஏற்படுத்தும் லேசான மங்கலை ஆரம்பத்திலேயே நீக்குகிறது. அளவையும் படத்தைப் பார்த்துத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். ஆன் செய்துவிட்டுப் புடவைச் சரிகையை நூறு சதவீதத்தில் பாருங்கள், இழை தனித்தனியாக எழுந்து நிற்கும், ஆனால் கூர்மை ஏற்றிய படத்தில் வழக்கமாக வரும் வெள்ளைக்கோடு ஓரத்தில் இருக்காது.

முதல் அரை நிமிடத்தில் மனம் தளர்கிறவர்களுக்கு ராதெரபி நல்ல தொடக்கம் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. ஆட்டோ-மேட்ச்டு கர்வ் என்பது ராவுக்குள் பொதிந்திருக்கும் ஜேபெக்கைப் பார்த்து அதே டோன் வருமாறு வளைவைத் தானே அமைத்துவிடும். கேமரா காட்டிய படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றபின் நீங்கள் வேலையைத் தொடங்கலாம். எல்லாவற்றையும் நீங்களே செய்ய விரும்பினால் நியூட்ரல் ப்ரொஃபைலைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படங்களை முதலில் உள்ளே சேர்க்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஃபோல்டரைத் திறந்து படத்தைத் தட்டினால் போதும். வேலை முடிந்ததைக் கன்ட்ரோல்-பி (B) அழுத்தி வரிசையில் போட்டுவிட்டு, கடைசியில் மொத்தமாக ஏற்றுமதி செய்யலாம். கிராஃபிக்ஸ் கார்டை இது பயன்படுத்துவதில்லை, ப்ராசஸர் நன்றாக இருந்தால் போதும்.

கவனிக்க வேண்டியது: சில கருவிகளின் பெயருக்குப் பக்கத்தில் 1:1 என்ற சின்னம் இருக்கும். நூறு சதவீதத்தில் பார்த்தால்தான் அவற்றின் விளைவு திரையில் தெரியும். இது தெரியாமல் நாய்ஸ் ஸ்லைடரைக் கடைசிவரை இழுத்துவிட்டு, ஏற்றுமதி செய்த படம் பிளாஸ்டிக் மாதிரி வந்திருக்கிறது என்று புலம்புபவர்கள் ஏராளம். பகுதித் திருத்தம் 5.9 பதிப்பில் (2022) வந்தது, சக்தி வாய்ந்தது, ஆனால் பழகச் சுலபம் என்று சொல்லமாட்டேன்.

ஆர்ட் என்பது ராதெரபியிலிருந்து கிளைத்தது, ஆல்பெர்டோ க்ரிஜ்ஜோ பராமரிக்கிறார். ராதெரபியின் கருவிகளில் பலவற்றை எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சீராக்கி, டார்க்டேபிளில் இருப்பதுபோல் மாஸ்க் வசதியைச் சேர்த்திருக்கிறார். தூரிகை, வடிவம், நிறம் எதை வைத்தும் பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம், டோன் ஈக்வலைசரும் இருக்கிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண மடிக்கணினி, வாரத்துக்குக் கொஞ்சம் படம், அறுபது மாட்யூல் படிக்கப் பொறுமை இல்லை என்றால் நான் முதலில் கைகாட்டுவது ஆர்ட்டைத்தான். பேச்சில் அதிகம் அடிபடாததால் பலர் இதை முயன்று பார்ப்பதே இல்லை, அது வருத்தம்.

கேமரா நிறுவனங்களே தருவது

இதை மறந்துவிட்டு எங்கெங்கோ தேடுகிறோம். கேனானின் டிஜிட்டல் ஃபோட்டோ ப்ரொஃபஷனல், நிக்கானின் என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனியின் இமேஜிங் எட்ஜ் டெஸ்க்டாப், இவையெல்லாம் இலவசம். கேமராவுக்குள் இருக்கும் அதே நிறம், அதே பிக்சர் ஸ்டைல் அப்படியே கிடைக்கும், மற்ற மென்பொருள்கள் அதைக் கிட்டத்தட்டத்தான் கொண்டுவர முடியும். கேமரா தரும் நிறம் பிடித்திருக்கிறது, ஒயிட் பேலன்ஸும் எக்ஸ்போஷரும் கொஞ்சம் திருத்தினால் போதும் என்பவருக்கு இதைவிடச் சுருக்கு வழி கிடையாது. கேனானில் இறக்கும்போது சில நாடுகளில் கேமராவின் வரிசை எண்ணைக் கேட்பார்கள், கேமராவின் அடியில் இருக்கும்.

ஃபூஜியின் எக்ஸ் ரா ஸ்டூடியோ தனி வகை. கேமராவை யுஎஸ்பியில் கணினியோடு இணைத்தால், கணக்கையெல்லாம் கேமராவின் ப்ராசஸரே செய்யும், கணினி திரையாக மட்டும் இருக்கும். பழைய மடிக்கணினியிலும் விரைவாக ஓடும், ஃபிலிம் சிமுலேஷன் (பழைய ஃபிலிம்களின் நிறத்தைப் போலச் செய்யும் ஃபூஜியின் முன்னமைப்பு) அச்சு அசலாக வரும். ஆனால் படம் எடுத்த அதே மாடல் கேமரா கையில் இருந்தாக வேண்டும்.

இந்த வகையில் மாஸ்க் வசதி குறைவு, லினக்ஸில் ஓடாது, அப்புறம் நாளைக்கே கேமரா கம்பெனியை மாற்றினால் இரண்டு மென்பொருளை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டும்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி இலவசமாகத் தருவதும், கட்டற்ற மென்பொருள் இலவசமாக இருப்பதும் வேறு வேறு. கேப்ச்சர் ஒன் நிறுவனம் எக்ஸ்பிரஸ் என்ற இலவசப் பதிப்பைப் பல வருடம் கொடுத்தது, 2024 ஜனவரியில் நிறுத்திவிட்டது. அதில் வேலை செய்து வைத்தவர்கள் காசு கட்டித் தொடரவேண்டும், அல்லது வேறு இடத்தில் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். டார்க்டேபிள், ராதெரபி, ஆர்ட் மூன்றும் ஜிபிஎல் உரிமத்தில் இருப்பவை. எழுதுபவர்கள் நாளைக்கே நிறுத்தினாலும் உங்களிடம் இருக்கும் பதிப்பை யாரும் பிடுங்க முடியாது, வேறு யாராவது எடுத்துத் தொடரவும் முடியும், ராதெரபியை வேறொருவர் எடுத்து மாற்றியதால்தான் ஆர்ட்டே பிறந்தது. பத்து வருடம் கழித்துக் குழந்தையின் முதல் பிறந்தநாள் படத்தைத் திரும்பத் திறந்து திருத்த நினைப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மற்றவை, சுருக்கமாக

கிம்ப் ராவை நேரடியாகத் திறக்காது, டார்க்டேபிளோ ராதெரபியோ நிறுவியிருந்தால் அதன் வழியாக வாங்கிக்கொள்ளும். ராவை முடித்தபிறகு படத்தில் இரண்டு பேரை ஒட்ட, ஒயரை அழிக்க கிம்ப். டிஜிகேம் ஆயிரக்கணக்கான படங்களை அடுக்கி, பெயரிட்டு, முகம் பார்த்துத் தேட அருமையானது, ராவைத் திறக்கவும் செய்யும், ஆனால் அதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். யுஎஃப்ரா என்று பழைய கட்டுரைகளில் பார்த்தால் தாண்டிப் போங்கள், அதன் காலம் முடிந்துவிட்டது. கணினியே இல்லை, ஃபோன் மட்டும்தான் என்றால் ஸ்னாப்சீட் டிஎன்ஜி ஃபைலைத் திறக்கும், ஃபோனில் எடுத்த ராவுக்கு அது போதும்.

சோதிக்கும் முறை

எல்லாவற்றையும் நிறுவிக் குழம்பவேண்டாம். இரண்டை மட்டும் எடுங்கள். உங்கள் கேமரா நிறுவனத்தின் மென்பொருள் ஒன்று, கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் டார்க்டேபிள், இல்லாவிட்டால் ஆர்ட். நுண்ணிய விவரம்தான் முக்கியம், பறவை, நகை, கோயில் சிற்பம் எடுக்கிறேன் என்றால் இரண்டாவது இடத்தில் ராதெரபி. இறக்குவது அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இருக்கட்டும், தேடலில் மேலே வரும் "ஃப்ரீ டவுன்லோட்" தளங்களில் கைவைக்க வேண்டாம்.

நான்கு படத்தையும் இரண்டிலும் முடித்து, இரண்டிலிருந்தும் முழு அளவு ஜேபெக்காக ஏற்றுமதி செய்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்றைக்கே முடிவெடுக்காதீர்கள், மறுநாள் காலையில் பார்த்தால் முந்தைய இரவு அழகாகத் தெரிந்த அதீத நிறம் கண்ணை உறுத்தும். ஃபோனிலும் ஒருமுறை பாருங்கள், உங்கள் படத்தைப் பார்க்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் பார்ப்பார்கள்.

அடுத்தது வேகம். ஒரே வெளிச்சத்தில் எடுத்த இருபது படங்களை எடுங்கள். ஒன்றைச் சரிசெய்து, அந்தத் திருத்தத்தை நகலெடுத்து (டார்க்டேபிள், ராதெரபி, ஆர்ட் மூன்றிலுமே படப் பட்டியலில் கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-வி வேலை செய்யும்) மற்ற பத்தொன்பதிலும் ஒட்டி, ஏற்றுமதியைத் தொடங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிகழ்ச்சிக்கு நானூறு படம் கொடுக்கிறவர் அதை இருபதால் பெருக்கிக்கொள்ளட்டும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கலாம் என்றால் பரவாயில்லை, மாலைக்குள் படம் கேட்கும் வாடிக்கையாளர்கள் இருந்தால் வேகம்தான் முதல் தகுதி.

தேர்ந்தெடுத்த பிறகு மாறாமல் கொஞ்ச காலம் இருங்கள். ஒரு மென்பொருளின் திருத்தம் இன்னொன்றுக்குப் போகாது. டார்க்டேபிள் எக்ஸ்எம்பி ஃபைலில் எழுதும், ராதெரபி பிபி3-இல், ஆர்ட் ஏஆர்பி-யில். நட்சத்திரமும் குறிச்சொல்லும் மாறிப் போகலாம், திருத்தம் போகாது. இந்தச் சின்ன ஃபைல்கள் ராவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஹார்ட்டிஸ்க்கை நகலெடுக்கும்போது "இது என்ன குப்பை" என்று அழித்துவிடாதீர்கள், உங்கள் உழைப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. டார்க்டேபிளில் கூடுதலாக ஒரு தரவுத்தளமும் உண்டு, அதனால் படங்களை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துவதாக இருந்தால் லைட்டேபிளுக்குள்ளிருந்தே நகர்த்துங்கள், வெளியே போய் நகர்த்தினால் அதற்குப் படம் எங்கே என்று தெரியாமல் போகும். புதிய பதிப்புக்கு மாறியபின் அந்தத் தரவுத்தளத்தைப் பழைய பதிப்பு திறக்காது. ஆகவே ஒரு வேலையைக் கொடுக்கவேண்டிய வாரத்தில் பதிப்பை மாற்றாதீர்கள், மாற்றுவதற்கு முன் அதன் அமைப்புக் கோப்புறையை அப்படியே வேறு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். ரொம்ப வேண்டிய படங்களை 16 பிட் டிஃப் ஆகவும் ஒரு பிரதி ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளலாம், அதைப் பெரும்பாலான பட மென்பொருள்கள் திறக்கும்.

எங்கே கற்பது என்று கேட்டால், ராதெரபிக்கு ராபீடியா என்ற கையேடு, டார்க்டேபிளுக்கு அதன் தளத்திலேயே இருக்கும் பயனர் கையேடு. இரண்டும் ஆங்கிலத்தில் இருக்கின்றன, தெளிவானவை. அதைவிடப் பயனுள்ளது பிக்ஸல்ஸ் மன்றத்தில் நடக்கும் ப்ளே ரா. ஒருவர் தன் ரா ஃபைலைப் போடுவார், பலர் தத்தம் மென்பொருளில் அதை முடித்து, கூடவே திருத்தக் கோப்பையும் இணைப்பார்கள். அந்த ராவையும் எக்ஸ்எம்பியையும் இறக்கி உங்கள் டார்க்டேபிளில் திறந்தால், அவர் எந்த மாட்யூலில் எவ்வளவு நகர்த்தினார் என்பது ஒவ்வொரு படியாகத் தெரியும். முதலில் மேடை விளக்குப் படங்களாகப் பார்த்து எடுங்கள், சிக்கல் அதிகமுள்ள படங்களில்தான் ஒருவருக்கொருவர் செய்யும் விதம் எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்க்க முடியும்.